ஏலக் கணக்கை வைத்துப் பைத்தானும் எஸ்.கியூ.எல்லும் பழகுவது எப்படி?

பைத்தான் மொழியில் நிரல் எழுதவும் எஸ்.கியூ.எல். மொழியில் தரவுத்தளத்தை வினவவும் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முகமறியாத நிறுவனமொன்றின் ஊழியர் பட்டியலை வைத்தே பழகுகிறார்கள். விடை தவறாக வந்தாலும் அது தவறு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்து மாணவர்கள் கரையில் நடக்கும் மீன் ஏலக் கணக்கையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மலிவான சூடை மீனின் விலை நண்டின் விலையை மிஞ்சியதாகத் திரையில் வந்தால், வினவலில் பிழை இருக்கிறது என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

கணினியில் பைத்தானை நிறுவினாலே போதும். எஸ்.கியூ.லைட் என்ற சிறு தரவுத்தளத்தைக் கையாளும் தொகுதி அதனுடனேயே வருகிறது. நிறுவிய பிறகு இணையம் தேவையில்லை.

முதல் வாரம் தரவுத்தளத்தைத் தொடாதீர்கள். படகு, தேதி, மீன், எடை, கிலோ விலை ஆகியவற்றைப் பைத்தான் பட்டியலில் எழுதி, மீன்வாரியான மொத்தத்தை ஃபார் (for) சுழற்சியாலும், பெயருக்கு எதிரே மதிப்பை வைக்கும் டிக்‌ஷனரியாலும் கணக்கிடுங்கள். பிறகு அதே தரவை அட்டவணையில் ஏற்றி, வரிகளை வகைவாரியாகத் தொகுக்கும் குரூப் பை (GROUP BY) கொண்டு அதே மொத்தத்தை எடுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாவிட்டால், காரணம் தெரியும்வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

எஸ்.கியூ.லைட்டில் தேதிக்கெனத் தனி வகை இல்லாததால், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2024-04-15 என்பதுபோல் எழுதுங்கள். நாளை முன்னால் எழுதினால் வரிசைப்படுத்தலும், இரு தேதிகளுக்கு இடைப்பட்டவற்றை எடுக்கும் பிட்வீனும் (BETWEEN) தவறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகின் பெயரில் ஏலம் பதிவாகியிருக்கிறதா என்று தேடுவது, வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) நிபந்தனைக்கு மிக நல்ல பயிற்சி.

பலரும் தடுமாறும் இடம், இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் (JOIN). ஒரு வல்லம், அதாவது சிறு படகு, ஒரே நாளில் 10 கிலோ நண்டைக் கிலோ 400 ரூபாய்க்கும், 20 கிலோ கணவாயைக் கிலோ 250 ரூபாய்க்கும், 50 கிலோ சூடையைக் கிலோ 40 ரூபாய்க்கும் விற்றதாக வைத்துக்கொள்வோம். வரவு 11,000 ரூபாய். செலவு அட்டவணையில் டீசல் 6,000, ஐஸ் 500 என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. ஆகவே மிச்சம் 4,500 ரூபாய். இவ்விரு அட்டவணைகளையும் படகு எண்ணாலும் தேதியாலும் நேராக இணைத்தால், மூன்று வரிகளும் இரண்டு வரிகளும் பெருகி ஆறு வரிகளாகும். அப்போது வரவு இரட்டித்து 22,000 ஆகவும், செலவு மும்மடங்காகி 19,500 ஆகவும் தெரியும். மிச்சம் 2,500 என்று, நம்பத்தக்க தோற்றத்துடன் ஒரு பொய் விடை வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதே இதிலுள்ள ஆபத்து. ஒவ்வோர் அட்டவணையையும் படகுக்கும் நாளுக்கும் ஒரே வரியாகத் தனித்தனியே சுருக்கிய பிறகே இணைக்க வேண்டும். இணைத்தபின் வரிகளை எண்ணிப் பார்க்கவும் வேண்டும்.

அடுத்து, செலவு எழுதப்படாத ஒரு வல்லத்தைச் சேர்த்துப் பாருங்கள். இரு அட்டவணையிலும் உள்ளவற்றை மட்டும் காட்டும் இன்னர் ஜாயினில் அது காணாமல் போகும். முதல் அட்டவணையின் எல்லா வரிகளையும் காட்டும் லெஃப்ட் ஜாயினில் செலவு NULL, அதாவது மதிப்பு இல்லை, என்று வரும், வரவிலிருந்து அதைக் கழித்தால் மிச்சமும் NULL என்றே வரும். அந்தச் செலவைச் சுழியமாகக் கொள்வதா, தொகை தெரியும்வரை அப்படியே விடுவதா என்பதைப் படகுக்காரரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.