தீவு எரிமலைகள்: மாக்மாவைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமியின் மேலோட்டுக்குக் கீழே எங்கும் நெருப்புக் குழம்புக் கடல் இருக்கிறது என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். மற்றப் பிழைகளில் பாதி அதிலிருந்துதான் முளைக்கின்றன. ஹவாய், இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் ஆகிய தீவுகளுக்கு அடியிலுள்ள மேன்டில், அதாவது மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு, திடப் பாறை. ஆயிரம் டிகிரியைத் தாண்டிய வெப்பத்திலும், மேலே அழுத்தும் பாறைகளின் எடை அதை உருக விடுவதில்லை. சுற்றுப்புறத்தைவிடச் சூடான இடத்தில் அந்தத் திடப் பாறையே மிக மெதுவாக மேலேறுகிறது.

'சூடு கூடியதால் உருகியது' என்று எழுதுவது அடுத்த தவறு. மேலேறும் பாறை புதிதாகச் சூடாவதில்லை, சற்றுக் குளிரவே செய்கிறது. குறைவது அழுத்தம். மலையுச்சியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறதே, ஏறக்குறைய அதே கணக்குதான்: அழுத்தம் இறங்க இறங்கப் பாறையின் உருகுநிலையும் இறங்குகிறது. அப்போதும் பாறை முழுவதும் உருகாது, ஒரு சிறு பங்குதான் உருகும். படிகங்களின் இடுக்குகளில் கசியும் அந்தத் திரவம், அதாவது மாக்மா, சுற்றியுள்ள பாறையைவிட அடர்த்தி குறைந்தது. அதனால்தான் மேல்நோக்கி நகர்கிறது. பாடப்படங்களில் ஆழத்திலிருந்து உச்சிவரை ஒரே சிவப்புக் குழாயாக வரைவது இந்த முக்கியமான கட்டத்தை மறைத்துவிடுகிறது.

கடலில் இருக்கும் எரிமலையெல்லாம் ஒரே ரகமும் அல்ல. 2022 ஜனவரி 15 அன்று வெடித்த, பசிபிக் தீவு நாடான டோங்காவின் எரிமலை, பூமியின் மேற்புறப் பாறைத் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் இறங்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே உருகுநிலையைக் குறைப்பதில் பெரும்பங்கு தண்ணீருக்கு. ஹவாயோ பசிபிக் தட்டின் நடுவில் நிற்கிறது; அங்கே மேலே சொன்ன அழுத்தக் குறைவுதான் பாறையை உருக்குகிறது.

வெளியே வந்த லாவாவை ஆழத்தில் பிறந்த மாக்மாவாகவே எடுத்துக்கொள்வதும் சரியல்ல. வரும் வழியில் அது தங்கும், கலக்கும், படிகங்களை உதிர்க்கும், வாயுவை இழக்கும். லாவா இறுகி உண்டான கரும்பாறையான ஹவாய் பசால்ட்டின் துண்டு ஒன்றை உடைத்தால், கருமைக்குள் பச்சை மணிகளாக ஆலிவின் என்ற கனிமம் தெரியும். அந்த ஆலிவின் படிகங்களுக்குள் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் கண்ணாடித் துளிகள் இருக்கும். படிகம் வளரும்போது சிக்கிக்கொண்ட பழைய மாக்மா அது. அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை அளந்தால், எந்த ஆழத்தில் சிக்கியது என்று கணிக்க முடிகிறது.

உச்சிப் பள்ளத்தை மட்டும் கவனிப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. 2018 மே மாதம் ஹவாயின் கிலாவியா எரிமலையின் உச்சியில் இருந்த லாவா ஏரி வடிந்தது. மாக்மா கிழக்குப் பிளவு மண்டலம் (எரிமலைச் சரிவில் நீளும் விரிசல் பகுதி) வழியே நிலத்தடியில் பக்கவாட்டாக ஓடி, சுமார் 40 கி.மீ. தள்ளி, லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்பின் தெருக்களைப் பிளந்துகொண்டு வெளிவந்தது. அந்த வெடிப்பில் 700க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அதே நாட்களில் உச்சியின் தரை உள்வாங்கிக்கொண்டே போனது. 2021இல் ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒன்றான லா பால்மாவிலும் மலைச்சரிவில்தான் பிளவு திறந்தது. செப்டம்பர் 11 முதல் அடுத்தடுத்து நிலநடுக்கங்கள், 19 அன்று வெடிப்பு. உச்சியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைவிட, பிளவு மண்டலம் எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் இத்தகைய தீவுகளில் வசிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.