போதைப்பொருள் கருத்துக்கணிப்பு: எண்ணுக்கு முன்னால் கேள்வியைப் படியுங்கள்

எங்கள் செய்திப் பிரிவுக்குப் புதிதாக வந்த தம்பி போன வாரம் ஒரு செய்தியை நீட்டினார். ‘கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க 89 சதவீத அமெரிக்கர்கள் ஆதரவு’ என்று தலைப்பு. பல வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் ஒரு தலைப்பு வைத்தேன். அச்சாகி வந்த பிறகுதான் தவறு புரிந்தது.

கேள்வியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுப்பது

அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையம் 2024 ஜனவரியில் மூன்று பதில்களைக் கொடுத்துக் கேட்டது. மருத்துவத்துக்கும் பொழுதுபோக்குக்கும் அனுமதிக்கலாம் என்றவர்கள் 57 சதவீதம். மருத்துவத்துக்கு மட்டும் என்றவர்கள் 32. எதற்கும் கூடாது என்றவர்கள் 11. தம்பி முதல் இரண்டையும் கூட்டிவிட்டார்.

புற்றுநோயில் துடிப்பவருக்கு வலி குறைந்தால் சரி, ஆனால் தெருமுனையில் கஞ்சாக் கடை வேண்டாம் என்று நினைக்கும் ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். அவர் அந்த 32-இல் இருக்கிறார். அவரைப் போய் ‘ஆதரவாளர்’ என்று எழுதலாமா?

இன்னொரு கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப் கேட்பது ‘சட்டபூர்வமாக்கலாமா, கூடாதா’ என்று மட்டும்தான். பாட்டி ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். 2023 அக்டோபரில் அங்கே ஆதரவு 70 சதவீதம். உடனே 70-ஐயும் 57-ஐயும் பக்கத்தில் வைத்து, ‘மூன்றே மாதத்தில் ஆதரவு சரிவு’ என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. மக்கள் மாறவில்லை, கேள்விதான் வேறு.

மருத்துவத்துக்கா, பொழுதுபோக்குக்கா என்ற வித்தியாசம் வாக்குப்பெட்டியிலும் தெரியும். ஃபுளோரிடா மாநிலத்தில் மாநில அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற 60 சதவீத வாக்கு வேண்டும். 2016-இல் மருத்துவக் கஞ்சாவுக்கு 71 சதவீதம் கிடைத்தது. 2024-இல் பொழுதுபோக்குக் கஞ்சாவுக்குச் சுமார் 56 சதவீதம்தான் கிடைத்தது. தோற்றுப்போனது.

குடியரசுக் கட்சி என்றாலே எதிர்ப்பு என்று எழுதுவது

அந்த 2024 வாக்கெடுப்பில் ஃபுளோரிடா ஆளுநர் டிசாண்டிஸ் எதிர்த்துப் பிரசாரம் செய்தார். டிரம்ப்போ ஆதரித்து வாக்களிப்பேன் என்றார். இருவரும் ஒரே கட்சி. அக்கட்சியினரிடையே ஆதரவு 2023-இல் 55 சதவீதம், 2025-இல் 40. இரண்டும் கேலப் கணக்கு. எந்த ஆண்டு என்று சொல்லாமல் கட்சியின் நிலைப்பாட்டை எழுதாதீர்கள்.

‘இளைஞர்கள் கருத்து’

இப்படித் தலைப்பு வைக்கும் முன், எத்தனை இளைஞர்களிடம் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள். கொஞ்சம் பேரிடம் மட்டும் கேட்டிருந்தால் அந்த எண்ணை நம்பி எழுத முடியாது.

கஞ்சாவையும் ஹெராயினையும் ஒரே கணக்கில் சேர்ப்பது

ஒரெகன் மாநிலத்தில் 2020-இல் 58 சதவீதம் பேர் வாக்களித்து, சிறிதளவு ஹெராயின் போன்ற கடும் போதைப்பொருள்களை வைத்திருப்பது குற்றமல்ல என்று ஆக்கினார்கள். விற்க அனுமதி தரவில்லை, தண்டனையைத்தான் குறைத்தார்கள். 2024 செப்டம்பரில் அது மறுபடி குற்றமானது. ‘ஒரெகன் போதைத் தாராளத்தைக் கைவிட்டது’ என்று பலர் எழுதினார்கள். அங்கே கஞ்சாக் கடைகள் அப்படியே திறந்திருந்தன.