பழைய சிறிய கூப்பே ஒன்றைப் பார்த்து வாங்கும் முறை

1,000 கிலோவை ஒட்டிய எடை, 120 குதிரைத்திறன் அளவிலான எஞ்சின், கையால் மாற்றும் கியர் ஆகிய மூன்றும் ஒரே வண்டியில் அமைந்துவிட்டால், அதை ஓட்டி மகிழப் பெரிய வேகம் தேவைப்படுவதில்லை. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்த சிறிய கூப்பேக்கள் (இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் கொண்ட கார்கள்) பல இந்த வகையைச் சேர்ந்தவை. 300 குதிரைத்திறன் கொண்ட வண்டியில் காலை அழுத்திய சில நொடிகளிலேயே சட்டம் அனுமதிக்கும் வேகம் வந்துவிடுவதால், அதன் திறனில் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கும். சிறிய கூப்பேயிலோ எஞ்சினை முழுவதும் முறுக்கி ஓட்டலாம். வளைவுக்கு முன் பிரேக் பிடித்து, கியரைக் குறைத்து, மீண்டும் முடுக்கும் வேலை முழுவதும் நம் கையிலும் காலிலும் இருக்கும். ஒரே வேகத்தில் செல்லும் 1,500 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் 1,000 கிலோ வண்டியினுடையதைப் போல ஒன்றரை மடங்கு என்பதால், எடை குறைந்த வண்டிக்குச் சிறிய பிரேக்கும் ஒடுக்கமான டயரும் போதும். அவற்றை மாற்றும் செலவும் குறையும். அந்தக் காலத்து ஹைட்ராலிக் ஸ்டியரிங் சாலையின் சொரசொரப்பை உள்ளங்கை வரை கொண்டுவருவது தனிச் சுகம்.

இவை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், குடும்பத்தோடு செல்வோருக்கு இரண்டு கதவும் பெயருக்கு ஒரு பின்னிருக்கையும் உதவாது என்பதுதான். ஆனால் புகழ் சேர்ந்த வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 1983 முதல் 1987 வரை வந்த டொயோட்டா ஏஇ86, 1.6 லிட்டர் எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட எளிய வண்டிதான். இன்று அதைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். எனவே புகழைத் தேடாமல், 1999-இல் வந்த கடைசித் தலைமுறை டொயோட்டா செலிக்கா, 1997-இல் அறிமுகமான ஃபோர்டு பூமா, முதல் ஓப்பல் டிக்ரா போன்றவற்றிலிருந்து தேடலைத் தொடங்குங்கள். இவற்றில் பூமா ஃபியஸ்டாவையும் டிக்ரா கோர்சாவையும் அடித்தளமாகக் கொண்டவை. அதனால் பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களில் பலவற்றை அந்தச் சாதாரண வண்டிகளுக்கான கடைகளிலேயே வாங்கிவிடலாம். கதவு, பின்விளக்கு, கண்ணாடி, பம்பர் ஆகியவையோ அந்தக் கூப்பேக்கு மட்டும் உரியவை. உடைந்தால் பழைய பாகங்களிடையே நாள்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

ஆகையால் எஞ்சினைவிடப் பாடிக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும் என்பேன். களைத்துப்போன எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம், அல்லது வேறொன்றை வாங்கி மாற்றலாம். அடிப்பலகையில் துரு ஓடிய வண்டியில் வெட்டி ஒட்டும் கூலியே வண்டியின் விலையைத் தாண்டிவிடும். கதவுக்குக் கீழே நீளும் அடிப்பட்டை, பின்சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் இடங்கள், முன் சஸ்பென்ஷன் தாங்கும் மேடை ஆகிய நான்கையும் விளக்கடித்துப் பாருங்கள். பூமாவில் பின்சக்கர வளைவுதான் முதலில் போகும். பெயின்ட் கீறாதபடி மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது என் வழக்கம். அதை வளைவின் விளிம்பில் மெதுவாக நகர்த்தும்போது, இரும்பின் மேல் சுண்டிப் பிடித்துக்கொண்டே வரும். ஓரிடத்தில் பிடி தளர்ந்து வழுக்கினால், அங்கே பெயின்டுக்குக் கீழே பட்டி பூசப்பட்டிருக்கலாம். வெளியில் பளபளத்த ஒரு கூப்பேயை இந்தச் சோதனை செய்யாமல் வாங்கி, ஆறே மாதத்தில் இரண்டு வளைவுகளிலும் பெயின்ட் கொப்பளித்து எழுந்ததைப் பார்த்த பிறகு வந்த வழக்கம் அது. பின்கதவுக்கு உள்ளே, ஸ்டெப்னி வைக்கும் குழியின் விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் தேங்கிய தடம் இருந்தால் ரப்பர் அடைப்பு ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் வரும் முன் வண்டியை ஓட்டி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் முதல் வேலையாகப் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், முதல் சில நொடிகளில் வரக்கூடிய நீலப் புகையையும் உலோகத் தட்டலையும் நீங்கள் தவறவிட்டீர்கள் என்று பொருள். இன்னொரு நாள் வாருங்கள். வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினானால், அதை மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். இந்த வகை எஞ்சின்கள் பலவற்றில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும்.

சில வண்டிகளுக்குத் தனிச் சோதனை உண்டு. செலிக்காவின் அதிகத் திறன் கொண்ட 1.8 லிட்டர் எஞ்சினில், நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளைக் கடந்த சிறிது நேரத்தில் வால்வுகளை உயர்த்தும் இரண்டாவது அமைப்பு சேரும். அப்போது ஒலியும் இழுவையும் சட்டென்று மாறும். அந்த அமைப்பின் சிறு போல்ட்டுகள் தேய்ந்து முறிந்திருந்தால் அந்த மாற்றம் வராது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே இதைச் சோதிக்க வேண்டும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 மிக அழகாகத் திரும்பும் வண்டி, ஆனால் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணச் சுழலி கொண்ட அதன் ரோட்டரி எஞ்சின் தன் உராய்வைக் குறைக்க எண்ணெயைச் சிறிது சிறிதாக எரித்தபடியே ஓடுவது. சூடான நிலையில் நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போது தடுமாறினால், ரோட்டரிக்கு உரிய கருவியால் கம்ப்ரெஷன் (எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தம்) அளக்காமல் வாங்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்திவிடுங்கள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கும், மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கும் சற்று விரைவாக மாற்றிப் பாருங்கள். கரகரவென்று உரசினால், கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது, கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும். உயர்ந்த கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழுவதும் அழுத்தும்போது, சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய வண்டியாக இருந்தால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். அப்படிச் செய்தவர் காணாத இடங்களில் வேறு என்னென்ன செய்திருப்பார் என்று கண்டுபிடிப்பது கடினம்.

வாங்கியபின் முதல் பணம் எண்ணெய், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட் ஆகியவற்றுக்குப் போக வேண்டும். பிரேக் ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்குவதால், மலைப்பாதை இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். அடுத்து டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இவ்வளவு பழைய ரப்பர் இறுகியிருக்கும். ஈரச் சாலையில் பிடிக்காது. புதிய டயரை நிறுவனம் குறித்த அகலத்திலேயே வாங்குங்கள். அகலமான டயர் எடையைக் கூட்டி, ஸ்டியரிங்கின் உணர்வை மழுக்கிவிடும்.

அதற்குப் பிறகு, பவரைக் கூட்டும் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகளான புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுங்கள். இருபது ஆண்டு பழைய ரப்பர் புஷ் வெடித்துத் தொளதொளத்துப் போயிருப்பதால், ஸ்டியரிங்கைத் திருப்பியபின் ஒரு கணம் தாமதித்தே வண்டி திரும்பும்; பலர் அதை வண்டியின் இயல்பு என்றே எண்ணிவிடுகிறார்கள். வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போதுதான் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்; தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து விரைவில் கிழியும். இந்த வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட்டையும் செய்துவிடுங்கள்.