டவுசர் போடக் கற்றுக்கொடுக்க, கடைசிப் படியில் தொடங்குங்கள்

திருநெல்வேலிப் பக்கம், சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது எழுத்தையோ எண்ணையோ அல்ல. "மிஸ், இவன் தானா டவுசர் போட்டுக்கிட்டா போதும்" என்பதுதான்.

முதலில் வேலையைப் பிரித்து எழுதுங்கள். உட்காருவது, ஒரு காலை விடுவது, மறு காலை விடுவது, முட்டி வரை இழுப்பது, எழுந்து நிற்பது, தொடை வரை, அப்புறம் இடுப்பு வரை. பட்டன், ஜிப் வேண்டாம். ஒரு சைஸ் பெரிய, லூசான எலாஸ்டிக் டவுசர் வாங்குங்கள்.

இப்போது கடைசிப் படியை மட்டும் பிள்ளைக்கு விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். டவுசரை இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டால், மிச்சத்தை இழுத்துவிடுவதுதான் அவன் வேலை. முதல் படியிலிருந்து தொடங்கினால், பாதியில் அம்மா வாங்கி முடித்துவிடுவார். கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் முடிப்பவன் அவனாகவே இருப்பான். பாராட்டும் அவனுக்கே வரும்.

இரண்டு கையும் பக்கவாட்டில் இருந்தால் டவுசர் பின்பக்கம் சிக்கிக்கொள்ளும். ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால் இருக்கட்டும். நீங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் கைமேல் கை வைத்து இழுக்க உதவுங்கள். பழகப் பழக உங்கள் கை அவன் மணிக்கட்டுக்கும், பிறகு முழங்கைக்கும் நகர வேண்டும். கடைசியில் விரல் காட்டினால் போதும். "இழு, இழு" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். அந்தச் சொல்லுக்காகவே காத்து நிற்கப் பழகிவிடுவான். கையை உதறினால் உடனே விட்டுவிடுங்கள்.

டவுசர் இடுப்புக்கு வந்த அந்த நொடியே அவனுக்குப் பிடித்தது கிடைக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பையனுக்குச் சோப்புக் குமிழி என்றால் உயிர். அவன் கை இடுப்பில் இருக்கும்போதே ஊதிவிடுவேன். செயலுக்குப் பின் என்ன கிடைக்கிறது என்பதே அந்தச் செயலை வளர்க்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1930களிலேயே சோதனைகளில் காட்டினார்.

"இது லஞ்சம் இல்லையா?" என்று ஆச்சிகள் கேட்பார்கள். அழுகையை நிறுத்தக் கொடுத்தால் அழுகைதான் வளரும். செய்து முடித்த வேலைக்குக் கொடுப்பது அவனுக்கு உரியது.

அழுதால் முதலில் துணியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் லேபிள் உறுத்துகிறதா? பசியா? எதுவும் இல்லையென்றால் வேலையைச் சின்னதாக்கி, ஒரு விரல் இழுப்போடாவது முடிக்க வையுங்கள். தலையை மோதிக்கொள்ளும் பிள்ளை என்றால் நீங்களாகச் சமாளிக்காமல் உளவியலாளரிடம் காட்டுங்கள்.

தொடர்ந்து மூன்று நாள் உதவியில்லாமல் இழுத்துவிட்டானா? சரி, அடுத்து தொடையில் நிறுத்துங்கள். குமிழியை ஒருமுறை விட்டு ஒருமுறை ஊதுங்கள், "டவுசர் நீயே போட்டியே!" என்ற பாராட்டை மட்டும் குறைக்காதீர்கள். பள்ளி வேன் ஹாரன் அடிக்கும் காலையில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். சாயங்காலம் குளித்து வந்ததும் நிதானமாகச் செய்யுங்கள்.