கடன் வாங்கிக் கழித்தல்: துண்டுச் சீட்டால் ஐந்து நிமிட மதிப்பீடு

மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்ட பிறகு, அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு கூடிவிட்டது. பருவக் கடைசியில் அடைவுநிலைகளை (பிள்ளையின் தேர்ச்சியைக் குறிக்கும் படிநிலை எண்களை) மொத்தமாக நிரப்புவதால் பிள்ளைக்குப் பயனில்லை. கற்பித்த அன்றே பார்த்தால்தான் மறுநாள் திருத்த முடியும். ஆண்டு 2 கணிதத்தில் செய்யும் முறை இது.

படி 1. ஏ4 தாளை நான்காக வெட்டுங்கள். 30 பேருக்கு 8 தாள் போதும். இந்த வயதுக்குச் செயலி வேண்டாம். அதில் விடை மட்டுமே தெரியும், வழி தெரியாது. அழிப்பானையும் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். தவறினால் ஒரு கோடு போட்டு அடித்தால் போதும். அடித்ததும் நமக்குத் தகவல்தான்.

படி 2. எண்களைத் தேர்ந்தெடுத்தல். பலரும் இடறுவது இங்கேதான். 52 − 27 கொடுத்தால் சிலர் 35 என்று எழுதுவார்கள். ஏன்? 7இலிருந்து 2ஐத் தலைகீழாகக் கழித்தாலும் 35 வரும். கடன் வாங்கிவிட்டுப் பத்தைக் குறைக்க மறந்தாலும் 35தான். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள், விடையோ ஒன்று. ஒன்றிடத்து இலக்கங்களின் வேறுபாடு 5 ஆக இருந்தால் எப்போதும் இப்படித்தான் ஆகும்.

53 − 27 கொடுங்கள். சரியான விடை 26. தலைகீழாகக் கழித்தவர் 34 எழுதுவார், பத்தைக் குறைக்காதவர் 36, கூட்டிவிட்டவர் 80. 25 அல்லது 27 வந்தால் பெரும்பாலும் எண்ணுவதில் நேர்ந்த சறுக்கல், வழிமுறை தெரிந்திருக்கும். இரண்டாவது கணக்காக 40 − 16 வையுங்கள், பூச்சியம் தனிச் சோதனை. மூன்றாவது வாக்கியக் கணக்கு: சிற்றுண்டிச்சாலையில் 61 கரிபாப், 38 விற்றன, மீதி எத்தனை? இதை மட்டும் நீங்களே உரக்க வாசியுங்கள். இல்லையென்றால் வாசிப்புத் திறனைத்தான் அளந்திருப்பீர்கள்.

படி 3. பாடத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று கணக்கையும் சீட்டில் செய்யட்டும். உதவி கூடாது.

படி 4. மதிப்பெண் போடாதீர்கள். தவற்றின் வகைப்படி அடுக்குங்கள். மறுநாள் ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தால் கட்டி, 34 எழுதியவர்களிடம் 5 கட்டும் 3 தனிக்குச்சியும் கொடுத்து, “7 குச்சி கொடு” என்று கேளுங்கள். கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். 36 எழுதியவர்கள், பிரித்த பிறகு எஞ்சிய கட்டுகளை எண்ணி, கணக்கின் மேலே எழுதட்டும்.

படி 5. பெயர், தேதி, தவற்றின் வகை ஆகியவற்றைப் பதியுங்கள். ஒரு சீட்டை வைத்து அடைவுநிலை 3 என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயிற்சிப் புத்தகமும் வாய்மொழி விளக்கமும் சேரட்டும்.

பின்சேர்க்கை: பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதாகச் சில ஆசிரியர்கள் கேட்டிருந்தார்கள். அடுத்தடுத்த இருக்கைகளுக்கு 53 − 27, 62 − 38 என மாற்றிக் கொடுங்கள். இரண்டாவதில் விடை 24. தலைகீழ் என்றால் 36, பத்தைக் குறைக்காவிட்டால் 34. எந்தச் சீட்டில் எந்தக் கணக்கு என்று பார்த்து அடுக்குங்கள், 34க்கும் 36க்கும் இங்கே பொருள் இடம் மாறிவிடும்.