ஆரக்கிள் கார்டுகளைப் படிப்பது எப்படி: கையேட்டோடும் கையேடு இல்லாமலும்

ஆரக்கிள் கட்டு (கேள்வி ஒன்றை மனதில் வைத்து எடுத்துப் படிக்கும் படச் சீட்டுகள்) ஒன்று கைக்கு வந்ததும் நிறையப் பேர் ஒரு சீட்டை எடுத்து, அதன் பெயரையோ எண்ணையோ பார்த்து, கூட வந்த சின்னப் புத்தகத்தில் உடனே அந்தப் பக்கத்தைத் தேடுவார்கள். அங்கே உள்ள பத்தியைப் படித்ததும் ‘ஆமாம், பொருந்துகிறது’ என்றோ ‘இது எனக்கில்லை’ என்றோ முடிவு செய்து, சீட்டைத் திரும்பக் கட்டுக்குள் செருகிவிடுவார்கள். இதில் படத்தைப் பார்த்தது ஒரு நொடிதான். கொஞ்ச நாளில் கட்டு அலமாரிக்குப் போய்விடும்.

இந்தப் பதிவில் நான் சொல்லப்போவது ஒரே ஒரு மாற்றம்: வரிசையை மாற்றுங்கள். முதலில் படம், அப்புறம் புத்தகம். இதைச் செய்தால் கையேடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களால் படிக்க முடியும். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஆரக்கிள் வேறு, டாரட் வேறு

டாரட்டும் இப்படிப் படிக்கும் ஒரு சீட்டுக் கட்டுதான். அதில் 78 சீட்டுகள்: ‘பெரிய அர்க்கானா’ எனப்படும் முதன்மைச் சீட்டுகள் 22, மிச்சம் 56 நான்கு இனங்களாகப் பிரிந்தவை. 1909இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்களுடன் வெளிவந்த கட்டைப் பின்பற்றி எத்தனையோ கட்டுகள் வந்துவிட்டன, அதனால் ஒன்றைக் கற்றவர் இன்னொன்றை ஓரளவு படித்துவிடலாம். லெனார்மாண்ட் என்று இன்னொரு வகை உண்டு, அதில் 36 சீட்டுகள். பிரான்சில் புகழ்பெற்ற குறிசொல்லியாக இருந்து 1843இல் இறந்த மரீ ஆன் லெனார்மாண்டின் பெயர் அவர் இறந்த பிறகு அந்தக் கட்டுக்கு ஒட்டிக்கொண்டது. மூலம் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் 1799 வாக்கில் வெளிவந்த ஒரு சீட்டு விளையாட்டு. கப்பல் என்றால் பயணம், நாய் என்றால் நண்பன் என்று அங்கே அர்த்தங்கள் பெரும்பாலும் நிலையானவை.

ஆரக்கிளில் இப்படி எதுவுமே கிடையாது. எத்தனை சீட்டு என்பதையும் (44 அடிக்கடி கண்ணில் படும் எண்ணிக்கை), எந்தப் படம் எதைக் குறிக்கிறது என்பதையும் கட்டை உருவாக்கியவரே முடிவு செய்கிறார். ஒரு கட்டில் வண்ணத்துப்பூச்சி மாற்றத்தைக் குறிக்கும், இன்னொன்றில் மகிழ்ச்சியை. அதனால் அர்த்தங்களை மனப்பாடம் செய்து வைத்தால் அது அந்த ஒரு கட்டுக்கு மட்டும்தான் உதவும். படத்தைப் பார்க்கப் பழகினால் எந்தக் கட்டுக்கும் உதவும்.

படி 1: கேள்வி எதுவும் இல்லாமல் முழுக் கட்டையும் பாருங்கள்

எல்லாச் சீட்டுகளையும் படம் மேலே தெரியும்படி பரப்புங்கள். பிடித்தவை, பிடிக்காதவை, எதுவுமே தோன்றாதவை என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். பிடிக்காத குவியலை மறக்க வேண்டாம், பின்னால் ஒரு வாசிப்பில் அதிலிருந்து ஒரு சீட்டு வரும்போது ‘இது ஏன் எனக்கு முதலிலேயே பிடிக்கவில்லை?’ என்ற கேள்வியே பாதி விளக்கத்தைக் கொடுத்துவிடும்.

கையேட்டில் இப்போது முன்னுரையை மட்டும் படியுங்கள். கட்டின் கரு என்ன, தலைகீழாக வரும் சீட்டுக்குத் தனி அர்த்தம் உண்டா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு சீட்டுக்கான பக்கங்களை இன்னும் திறக்காதீர்கள்.

சில கட்டுகளில் படத்தோடு ஒரு சொல்லோ ஒரு முழு வாக்கியமோ அச்சாகியிருக்கும். பழகும் காலத்தில் அந்த எழுத்தை ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிடுங்கள். எழுத்து தெரிந்தால் கண் அதைத்தான் முதலில் படிக்கும், படம் பின்னணி ஆகிவிடும்.

படி 2: கேள்வியைச் சரிசெய்யுங்கள்

வாசிப்பு குழம்புவதற்குப் பெரும்பாலும் சீட்டு காரணமில்லை, கேள்விதான் காரணம். ‘எனக்கு இது கிடைக்குமா?’ என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான் இருக்க முடியும், ஆனால் கையில் வருவது ஒரு மரமோ ஆமையோ. மரம் ஆம் சொல்லாது. ‘இந்த விஷயத்தில் நான் எதைக் கவனிக்காமல் இருக்கிறேன்?’, ‘இந்த வாரம் எதில் பொறுமை தேவை?’, ‘இந்த முடிவில் என்னைத் தயங்கவைப்பது எது?’ என்று கேட்டுப்பாருங்கள். ஒரு படம் பேசுவதற்கு அங்கே இடம் இருக்கிறது.

இன்னொருவர் மனதில் என்ன இருக்கிறது என்று சீட்டிடம் கேட்க வேண்டாம். நோய், வழக்கு, பெரிய பண முடிவு ஆகியவற்றுக்கு அந்தந்தத் துறை தெரிந்தவர்களிடம் போங்கள். சீட்டு நாளையைச் சொல்கிறதா என்று கேட்பவர்களுக்கு என் பதில், நான் அதற்காக எடுப்பதில்லை. மனதில் ஏற்கெனவே இருப்பதை வெளியே எடுத்துப் பார்க்க அது நல்ல கருவி, அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது.

படி 3: கலைத்து எடுங்கள்

ஆரக்கிள் சீட்டுகள் வழக்கமான விளையாட்டுச் சீட்டைவிடப் பெரியவை, தடிமனானவை. வளைத்துக் கலைத்தால் ஓரம் கெட்டுப்போகும். மேசையில் கவிழ்த்துப் பரப்பி இரண்டு கையாலும் கிளறிக் கலப்பதே போதும். கலைக்கும்போது ஒரு சீட்டு தானாகத் துள்ளி விழுந்தால் அதை எடுத்துக்கொள்வதா, தலைகீழாக வந்தால் அப்படியே படிப்பதா, நிமிர்த்திவிடுவதா? இதையெல்லாம் கலைப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். விழுந்த சீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் நமக்குப் பிடித்ததைத்தான் தேர்ந்தெடுப்போம். தொடக்கத்தில் தலைகீழ் வேண்டாம், எல்லாவற்றையும் நிமிர்த்தியே படியுங்கள்.

ஒரு சீட்டு மட்டும் எடுங்கள்.

படி 4: புத்தகத்தைத் தொடாமல் படியுங்கள்

இதுதான் முக்கியமான இடம், இதற்கு நேரம் கொடுங்கள். நோட்டை எடுத்து, படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். அர்த்தம் இன்னும் வேண்டாம். யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எது பெரிதாக இருக்கிறது, எது ஓரத்தில் ஒளிந்திருக்கிறது. அப்புறம், கண் முதலில் எங்கே போனது, அதைப் பார்த்ததும் உடம்பில் என்ன உணர்வு வந்தது என்று எழுதுங்கள். கடைசியாகத்தான் கேள்வியோடு சேர்க்க வேண்டும்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். கேள்வி: ‘புது வேலையில் சேர்ந்து சில மாதம் ஆகியும் மனம் ஒட்டவில்லை. நான் எதைக் கவனிக்காமல் இருக்கிறேன்?’ வந்த சீட்டில் ஒரு கயிற்றுப் பாலம். நடுவில் ஒரு பெண், கையில் விளக்கு. எதிர்க்கரையில் பனிமூட்டம். மறைத்து வைத்த சொல் ‘துணிவு’.

அவசரமாகப் பார்த்தால், ‘பாலத்தைக் கடக்கிறாள், நல்லது, நானும் கடந்துவிடுவேன்’ என்று முடித்துவிடலாம். நின்று பார்த்தால்தான் தெரியும், அவள் பாலத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டாள், ஆனால் முகம் வந்த பக்கமே திரும்பியிருக்கிறது. விளக்கையும் அந்தப் பக்கமே பிடித்திருக்கிறாள். ஏற்கெனவே நடந்து முடித்த பலகைகளின் மேல்தான் வெளிச்சம் விழுகிறது, இனி கால் வைக்க வேண்டிய பலகைகள் இருட்டில் இருக்கின்றன.

இப்போது கேள்வியோடு சேருங்கள். புது இடம் மங்கலாகத் தெரிவதற்கு அந்த இடம் மட்டும் காரணமா, அல்லது என் கவனமெல்லாம் பழைய இடத்தின் மேலேயே இருக்கிறதா? ஒவ்வொரு விஷயத்தையும் ‘அங்கே இப்படிச் செய்வோம்’ என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேனா? இங்கே எனக்குப் புரியாத விஷயத்தைப் பற்றி யாரிடமாவது கேட்டேனா? இத்தனையும் ஒரு விளக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதிலிருந்து வந்தது. எந்தக் கையேட்டிலும் இது இருக்காது, ஏனென்றால் உங்கள் கேள்வி அதை எழுதியவருக்குத் தெரியாது.

படத்தில் உண்மையிலேயே இருக்கும் ஒன்றைச் சுட்டிக்காட்டித்தான் ஒவ்வொரு விளக்கத்தையும் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’ என்று யாராவது கேட்டால், விரலை வைத்து ‘இதனால்’ என்று காட்ட முடிய வேண்டும். உள்ளுணர்வு என்று நிறையப் பேசுகிறார்கள், எனக்குத் தெரிந்து அது இந்தப் பழக்கத்தில்தான் வளர்கிறது.

படி 5: இப்போது கையேட்டைத் திறங்கள்

அந்தச் சீட்டுக்கான பக்கத்தைப் படித்து, வேறு நிற மையில் இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதையே அதுவும் சொன்னால் வேலை முடிந்தது. வேறு கோணத்தைச் சொன்னால் அதுதான் நல்ல வாய்ப்பு. நம் உதாரணத்தில் கையேடு ‘பயத்தை விட்டு முன்னேறு’ என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் பார்த்தால் பொதுவான வாக்கியம். நீங்கள் பார்த்த விளக்கோடு சேர்த்தால், இங்கே துணிவு என்பது பெரிய தாவல் இல்லை, விளக்கை முன்பக்கம் திருப்புவது என்று ஆகிவிடுகிறது. ‘இந்த வாரம் ஒருவரிடம் எனக்குப் புரியாததைக் கேட்பேன்’ என்று அதைச் செயலாக எழுதலாம்.

இரண்டும் நேர் எதிராக இருந்தால்? படத்தை மறுபடி பாருங்கள். கையேடு சொல்வதற்குப் படத்தில் ஏதாவது ஆதாரம் தெரிந்தால், நீங்கள் விட்டுவிட்ட ஒன்று கிடைத்தது. எதுவுமே தெரியவில்லை என்றால் அன்றைக்கு உங்கள் வாசிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். கையேடு அந்தக் கட்டை நன்றாக அறிந்த ஒருவரின் கருத்து, அதை மதிக்கலாம், அடிபணிய வேண்டியதில்லை.

கையேட்டை இரண்டாவதாக வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, அவரவருக்கென்றே எழுதியது என்று சொல்லி ஒரு குண விவரிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4-ஐத் தாண்டியது. உண்மையில் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்தான், அதிலிருந்த வரிகளைப் பெரும்பாலும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். பொதுவான வரி எல்லோருக்கும் பொருந்தும், அதனால் ‘பொருந்துகிறது’ என்பது மட்டும் நல்ல வாசிப்புக்கு அடையாளமில்லை. எழுதியதைப் படித்துவிட்டு, ‘இதை அப்படியே வேறு யாருக்கும் கொடுக்கலாமா?’ என்று கேளுங்கள். கொடுக்கலாம் என்றால் படத்துக்கும் கேள்விக்கும் திரும்பிப் போங்கள்.

படி 6: மூன்று சீட்டு

ஒரு சீட்டு கைவந்த பிறகு மூன்றுக்குப் போகலாம். இடங்களுக்கு முதலிலேயே பெயர் வையுங்கள்: நிலைமை, தடை, அடுத்த அடி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்துவிட்டு, மூன்றையும் ஒரே படமாகப் பாருங்கள். முதல் சீட்டில் இருப்பவர் இரண்டாவதைப் பார்த்து நிற்கிறாரா, முதுகைக் காட்டுகிறாரா? ஒரே நிறம் திரும்பத் திரும்ப வருகிறதா? இரண்டில் தண்ணீர் இருந்து மூன்றாவது வறண்டு கிடக்கிறதா? பிறகு மூன்றையும் சேர்த்து ஒரே வாக்கியமாக எழுதுங்கள். வாக்கியம் அமையவில்லை என்றால் இன்னும் பார்க்க வேண்டும். பதில் பிடிக்கவில்லை என்று ‘தெளிவுக்காக’ நாலாவது, ஐந்தாவது எடுக்கும் ஆசை வரும், தயவுசெய்து வேண்டாம். முதல் மூன்றும் சொன்னது அதற்குள் காணாமல் போய்விடும்.

கையேடே இல்லை என்றால்

கை மாறி வந்த கட்டு, புத்தகம் தொலைந்த கட்டு, நீங்களே வரைந்த கட்டு, எதுவானாலும் சரி. படி 4 அப்படியே பொருந்தும். கூடுதலாகத் தினமும் ஓரிரு சீட்டை எடுத்து, கேள்வி இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்கள் எழுதுங்கள்: ஒரு செயல், ஒரு உணர்வு, ஒரு எச்சரிக்கை. பாலத்துக்குக் ‘கடப்பது, தயக்கம், திரும்பிப் பார்ப்பது’. எச்சரிக்கையை விடாதீர்கள், எல்லாச் சீட்டையும் இனிப்பாகவே படித்தால் கட்டுக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சீட்டை அருகருகே வைத்து என்ன வித்தியாசம் என்று எழுதுவதும் மிக நல்ல பயிற்சி.

நோட்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அது வரும்போதெல்லாம் தேதி, கேள்வி, வாசிப்பு மூன்றையும் எழுதுங்கள். சில வாரம் கழித்துத் திரும்பி வந்து, உண்மையில் என்ன நடந்தது என்று கீழே சேர்த்துவிடுங்கள். தவறிய வாசிப்புகளையும் அடிக்காமல் வைத்திருங்கள்.

வேறொருவருக்குப் படிக்கிறீர்கள் என்றால், நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன் ‘இந்தப் படத்தில் உங்களுக்கு என்ன தெரிகிறது?’ என்று அவரிடமே கேளுங்கள். சாவு, நோய், பிரிவு என்று பயமுறுத்தும் எதையும் சொல்ல வேண்டாம், படம் எவ்வளவு இருட்டாக இருந்தாலும்.

இனிமேல்தான் கட்டு வாங்கப்போகிறீர்கள் என்றால், மனிதர்களோ விலங்குகளோ ஏதாவது செய்துகொண்டிருக்கும் படங்கள் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். வெறும் வடிவங்களும் வண்ணங்களும் மட்டுமே இருப்பவை அழகாக இருக்கும், ஆனால் தொடக்கத்தில் விரல் வைத்துக் காட்ட அதில் அதிகம் கிடைக்காது, அவற்றை இரண்டாவது கட்டாக வாங்கிக்கொள்ளலாம்.