கண்ணகிக்குப் பேச இடம் கொடுத்தேன்

எங்கள் நாடகக் குழுவுக்காகச் சிலப்பதிகாரத்தை எழுதியபோது கோவலன், கண்ணகி காதல் எனக்கு ஒட்டவே இல்லை. 'மாசறு பொன்னே' என்று அவன் அடுக்கிக்கொண்டே போகிறான். அவளிடமிருந்து பதில் இல்லை. மாதவியை விட்டு வந்து நிற்கும்போதும் ஒரு புன்னகை, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சு. அவ்வளவுதான். மதுரையில், ஆயர் வீட்டில்தான் 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்', அதாவது தகாத வழியில் நடந்தீர்கள் என்கிறாள். உடனே அவன் சிலம்போடு கிளம்பிவிடுகிறான்.

சரி, அந்தப் பேச்சை மதுரைக்குப் போகும் வழிக்கே நகர்த்தினேன். உடன் வரும் சமணத் துறவி கவுந்தியடிகள் முன்னே நடக்க, கொப்புளம் கண்ட காலோடு கண்ணகி உட்கார்ந்து கேட்கிறாள். அவனுக்கு வாய் வரவில்லை. அடுத்த காட்சியில்தான் பதில் சொல்கிறான். அப்புறம், அவன் புகழுரையில் பாதியை வெட்டினேன். சிலம்பைத் தரும் இடத்தைத் தொடவில்லை.